எழுத்து நடந்த வழி – 17: எருதுத் தலையும் ஆங்கில ஏபிசியும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது கோலா தெர்லா. தேயிலையும் காய்கறியும் விளையும் இந்த வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள் படிக்கிறது. அதன் கண்ணில் படும் எழுத்துகளோ நான்கு: தமிழ், ரூமி எனப்படும் உரோம எழுத்து, சீனம், பகாங் மாநிலப் பெயர்ப்பலகைகளில் காணும், அரபு வழிவந்த ஜாவி.

ரூமி இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஜாவி வலமிருந்து இடமாக ஓடுகிறது. பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய எழுத்தும் அவற்றோடு பிறந்ததுதான். சென்ற வாரம் பினீசியரின் துறைமுகங்களில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து பிரிந்த கிளைகளைத் தொடர்வோம்.

சுரங்கத்தில் கிடைத்த எருது

1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர், சினாய்த் தீபகற்பத்தில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் அகழாய்வு செய்தார். எகிப்தியர் நீலப்பச்சைக் கல் தோண்டிய இடம் அது. அங்கே எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலத் தோன்றினாலும் அதுவாக இல்லாத சில கீறல்கள் கிடைத்தன. 1916இல் ஆலன் கார்டினர் அவற்றில் ஒரு தெய்வப் பெயரைப் படித்துக் காட்டினார். கீறல்களின் மொழி செமிட்டிக் மொழி என்பது அதன் பிறகே துலங்கியது.

அவற்றின் காலம் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்டது. எகிப்திய எழுத்தில் நூற்றுக்கணக்கான குறிகள் உண்டு. அவற்றைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டும். செமிட்டிக் மொழி பேசிய மக்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு பொருளின் படத்தை வரைந்து, அதன் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாம் மலையை வரைந்து அதை ‘ம்’ என்று படிப்பதாக வைத்துக்கொண்டால் அவர்கள் செய்தது புரியும்.

எருது ‘ஆலெஃப்’. வீடு ‘பேத்’. தண்ணீர் ‘மேம்’. கண் ‘அயின்’. தலை ‘ரேஷ்’. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’யைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், இரண்டு கொம்புகள் தெரியும். ‘எம்’மில் தண்ணீரின் அலை இன்னும் இருக்கிறது. ‘ஓ’ அன்றைய கண். ‘அல்ஃபாபெட்’ என்ற சொல்லே எருதும் வீடும் சேர்ந்ததுதான்.

தாய் அல்ல, உடன்பிறப்பு

இந்த மரபு பினீசியரிடம் 22 மெய்யெழுத்துகளாக நிலைபெற்றது. அண்டையில் வாழ்ந்த எபிரேயர் ஏறக்குறைய அதே வடிவங்களில் எழுதினார்கள். எருசலேமின் சீலோவாம் சுரங்கக் கால்வாயில் 1880இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பழைய எபிரேய எழுத்துக்குச் சான்று. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை வீழ்த்தி, மக்களைச் சிறைபிடித்துப் போனார்கள். அதன் பின்னர் யூதர் பையப்பைய அரமேயரின் சதுர எழுத்துக்கு மாறினார்கள். இன்று நாம் பார்க்கும் எபிரேய எழுத்து அந்தச் சதுர எழுத்துதான். ஜாவிக்கு மூலமான அரபு எழுத்தும் அரமேயத்திலிருந்து, நபத்தேயர் வழியாக வந்தது.

மற்றொரு கிளை மேற்கே போனது. கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குள் கிரேக்கர் பினீசிய எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்துக்கு உயிரெழுத்து இன்றியமையாதது. செமிட்டிக் எழுத்திலோ மெய் மட்டுமே இருந்தது. ஆகவே தங்கள் நாவுக்குத் தேவைப்படாத மெய்களைக் கிரேக்கர் உயிர்களாக்கினார்கள். ஆலெஃப் ‘ஏ’ ஆனது, ஹே ‘ஈ’ ஆனது, யோத் ‘ஐ’ ஆனது, அயின் ‘ஓ’ ஆனது. முதலில் ஏர் பூட்டிய மாடு உழுவது போல ஒரு வரியை வலமிருந்தும் அடுத்த வரியை இடமிருந்தும் எழுதினார்கள். பிறகு இடமிருந்து வலம் என்று நிலைத்தது. அதனால்தான் ஆங்கில ‘பி’, ‘கே’ போன்றவை பினீசிய முன்னோருக்கு எதிர்த்திசை பார்த்து நிற்கின்றன. கிரேக்கரிடமிருந்து எத்ருஸ்கர், அவர்களிடமிருந்து உரோமர், அங்கிருந்து ஆங்கிலேயர் என்று எழுத்து கைமாறியது.

இத்தனை கை மாறியும் வரிசை கலையவில்லை. எபிரேயத்தில் காஃப், லாமெத், மேம், நூன். அரபியில் காஃப், லாம், மீம், நூன். ஆங்கிலத்தில் கே, எல், எம், என். மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், மூவாயிரம் ஆண்டுப் பழைய பாடம் இன்றும் நம் பிள்ளைகளின் வாயில் ஒலிப்பதைக் கேட்கலாம்.

மொழி வேறு, எழுத்து வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். எழுத்து உறவு மொழி உறவு ஆகாது. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. எபிரேயம் செமிட்டிக். விவிலியம் வழியாக ‘ஆமென்’, ‘அல்லேலூயா’, ‘சபத்’ போன்ற சொற்களும், ஏராளமான ஆட்பெயர்களும் ஆங்கிலத்துக்குள் வந்தன, அவ்வளவே. அந்தப் பெயர்கள் நம் மலைக்கும் வந்தன. ஆங்கிலேயரின் ஜோசஃப், மலாய்க்காரரின் யூசோஃப், தமிழ்க் கிறிஸ்தவரின் சூசை மூவரும் ஒரே எபிரேயப் பெயரைத்தான் சுமக்கிறார்கள்.

மொழி எழுத்தை மாற்றிக்கொண்டும் வாழும் என்பதற்கு மலாயே சான்று. 683ஆம் ஆண்டின் கெடுகான் புக்கிட் கல்வெட்டில் பழைய மலாய், பல்லவ எழுத்தில் இருக்கிறது. திராங்கானு கல்வெட்டில் அது ஜாவி. இன்று ரூமி. தமிழும் தமிழ்ப் பிராமி, வட்டெழுத்து எனப் பல உரு எடுத்தது. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். தமிழ் அதனால் தேய்ந்துவிடவில்லை.

பிராமியே பினீசிய எழுத்தின் வழிவந்தது என்று 1890களில் கியோர்க் பியூலர் வாதிட்டார். இல்லை, அது இந்திய மண்ணிலேயே உருவானது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படித் தீர்ந்தாலும் தமிழின் தொன்மைக்கு அதனால் குறைவில்லை. எழுத்தைவிட மொழி மூத்தது.

தமிழ் நிலத்தில் எபிரேயக் கையெழுத்து

எபிரேய எழுத்தும் வட்டெழுத்தும் ஒரே ஆவணத்தில் சந்தித்த இடம் கொல்லம். 849ஆம் ஆண்டு, சேரப் பெருமாள் ஸ்தாணு ரவியின் காலத்தில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்குச் செப்பேடு வழங்கினார். சாசனம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளான வெளிநாட்டு வணிகர்கள் அரபியிலும் பகலவியிலும் ஒப்பமிட்டார்கள். நால்வர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். அந்தச் செப்பேட்டில் பெயர் வரும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு, அதே நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்தின் தக்குவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. கொல்லத்தில் எபிரேய எழுத்துக்காரரோடு தொழில் நடத்திய குழுவின் பெயர், இந்தத் தீபகற்பத்தின் கல்லிலும் தமிழில் பதிந்திருக்கிறது.

மலேசியாவிலேயே எபிரேய எழுத்தைக் காணப் பினாங்குக்குப் போகலாம். ஜார்ஜ் டவுனில் முன்பு யாகூடி சாலை எனப்பட்ட இன்றைய சைனல் அபிடின் சாலையில் யூதர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்ததோ, நம் நாகூரின் பெயர் தாங்கிய சாலையில். 1976இல் அது மூடப்பட்டது.

2020இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி அறிமுகம் சேர்க்கப்பட்டபோது தமிழ், சீனப் பள்ளிகளைச் சுற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. பிள்ளைகளின் பாடச்சுமை குறித்தும் தாய்மொழிப் பள்ளியின் தன்மை குறித்தும் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு மதிப்பு உண்டு. அவற்றுக்கு விடை கல்விக் கொள்கையில் இருக்கிறது. ஆனால் எந்த எழுத்தும் ஓர் இனத்துக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் சொந்தமானதல்ல என்பதை வரலாறு ஐயமின்றிச் சொல்கிறது. ஜாவியைக் கண்டு அஞ்சும் பிள்ளையும் ரூமியை அன்றாடம் எழுதுகிறது. இரண்டுக்கும் பாட்டன் ஒருவனே. இதை ஓர் ஆசிரியர் வகுப்பில் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும், அண்டை வீட்டாரின் எழுத்து பிள்ளைக்கு அந்நியமாகத் தோன்றாது. தன் எழுத்தின் மேலும் பெருமை கூடும்.

அடுத்த வாரம்: பல்லவ எழுத்து கடல் கடந்து மலாயை எழுதிய கதை.