சும்மா கிடக்கும் சேனல்: ஒரு மைக் செட் வரலாறு

இந்த எபிசோடில் ராஜா இல்லை, போர் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருக்கிற நாலு டெர்மினலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இரண்டில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கு. மீதி இரண்டு சும்மா கிடக்கு. அந்தச் சும்மா கிடக்கிற சேனலை என்ன செய்யணும்? "இதுக்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று கேட்பீங்க. இருக்கு. அது தெரியாமல் ஒரு ஊர்த் திருவிழாவையே நான் ஊமையாக்கியிருக்கிறேன்.

1998, ஆடி மாதம். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பன் வீட்டுக்காகக் கொல்லிமலை போயிருந்தேன். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் மலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். நண்பனின் ஊர் அதையும் தாண்டி உள்ளே. அங்கே அம்மன் திருவிழா. அன்று ராத்திரி வள்ளி திருமணம் நாடகம்.

மைக் செட் போட்டவர் பெரியவர் ஒருவர். அவருக்கு அன்று கடும் காய்ச்சல். அவருடைய அக்கா மகன், பதினேழு வயசுப் பையன், தனியாக நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் பழைய வால்வு செட் ஓய்ந்துபோய், புதுசாக வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். லெஃப்ட் சேனலில் இரண்டு கூம்புக் குழாய். ரைட் சேனல் காலி. ஆனால் அந்தக் காலி டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இறுக்கி முறுக்கி வைத்திருந்தான்.

"ஏன் தம்பி இப்படி?" என்றேன்.

"காலியா விடக் கூடாதுண்ணே. மாமா சொல்லியிருக்காரு. லோடு இல்லாம ஓட்டுனா ட்ரான்ஸ்பார்மர் போயிடும்."

சாயங்காலம் கேசட் ஓடுது. பாட்டில் வயலினே கேட்கலை. டெக்கிலிருந்து லெஃப்ட் வயர் மட்டும்தான் ஆம்ப்ளிஃபயருக்குள் போயிருந்தது. நான் பெரிய மேதாவி மாதிரி, "ரைட்டையும் சொருகு தம்பி, பாட்டு முழுசா வரும்" என்றேன். அது ரைட் சேனலுக்குத்தான் போகும், லெஃப்ட் குழாயில் வராது என்பதுகூட எனக்கு அப்போ உறைக்கலை. அவன் சொருகினான். இரண்டு திருகும் ஒரே அளவில் ஏற்றி வைத்திருந்தது. டப்பென்று ஒரு சத்தம், ஒரு தீய்ந்த நாத்தம். அதோடு இரண்டு குழாயும் ஊமை.

அந்தப் பையன் சொன்னது பொய் இல்லை. அவன் மாமா சொன்னதும் பொய் இல்லை. அது வேறொரு மிஷினுக்கான உண்மை.

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 1915இல் பீட்டர் ஜென்சனும் எட்வின் ப்ரிதமும் கூட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியை ஓட்டிக் காட்டினார்கள். 1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 என்ற வால்வைக் கொண்டுவந்தது. அந்த ஜாதி வால்வுகளால்தான் உலகம் முழுக்க மேடை ஆம்ப்ளிஃபயர்கள் பல பத்து வருஷம் பாடின. நம்ம ஊர் அரசியல் கூட்டம், கோயில் அறிவிப்பு, கல்யாண வீட்டு இசைத்தட்டு எல்லாம் அதில்தான். எல்லாமே மோனோ. பேசுகிறவர் ஒருத்தர், மைக் ஒன்று, சேனலும் ஒன்று. காலி சேனல் என்ற கேள்வியே அப்போது கிடையாது.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் இருக்கும். வால்விலிருந்து வருவது அதிக வோல்ட், கொஞ்சம் கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்ட், நிறைய கரண்ட். மாற்றிக் கொடுப்பது அந்த ட்ரான்ஸ்பார்மர். பாட்டு சத்தமாக ஓடும்போது ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டால், அந்தச் சக்திக்குப் போக வழி இல்லை. சுருளில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும். இன்சுலேஷன் கிழியும், வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும். அதனால்தான் "லோடு இல்லாம ஓட்டாதே" என்பது மைக் செட்காரர்களுக்கு வேதவாக்கு ஆனது. ஸ்பீக்கர் இல்லாமல் சோதிக்கணும் என்றால், அதே அளவு ஓம் உள்ள ஒரு தடித்த ரெசிஸ்டரையாவது மாட்டணும்.

இனி ஸ்டீரியோ. 1931 டிசம்பரில் லண்டனில் இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் இரண்டு சேனல் ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் கடைக்கு வர 1958 ஆகிவிட்டது. தமிழில் 1978இல் வந்த 'பிரியா' படப் பாடல்களை ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடி என்று பரவலாகச் சொல்வார்கள். எண்பதுகளில் கேசட் வந்ததும் ஸ்டீரியோ டீக்கடை வரை இறங்கியது. இதற்கிடையில் வால்வு போய் ட்ரான்சிஸ்டர் வந்தது. கடையில் கிடைக்கிற பவர் ஆம்ப்ளிஃபயர் இரண்டு சேனலோடு வர ஆரம்பித்தது. ஆனால் திருவிழா அதே திருவிழாதான். மைக் ஒன்று, அறிவிப்பு ஒன்று, குழாய் கட்டுவதும் ஒரே வரிசை. அப்படித்தான் காலி சேனல் பிறந்தது.

ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் குணம் அப்படியே நேர்மாறு. பெரும்பாலானவற்றில் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரே கிடையாது. ஸ்பீக்கர் மாட்டாவிட்டால் கரண்ட் ஓடாது, அவ்வளவுதான். அதற்கு அதுதான் ஓய்வு. ஆகாதது ஷார்ட்.

ஒரு கணக்கு சொல்றேன். 8 ஓமில் 100 வாட் தருகிற சேனல் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் சுமார் 28 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்றரை ஆம்பியர் ஓடும். அதே இடத்தில் 0.1 ஓம் கம்பித் துண்டை முறுக்கினால் 280 ஆம்பியர் கேட்கும்! எந்த ட்ரான்சிஸ்டர் தரும்? ஃபியூஸ் யோசிக்கும் முன்னால் அது செத்துவிடும். சில செட்டில் பாதுகாப்பு சர்க்யூட் உண்டு. அன்று அந்தச் செட்டில் அது காப்பாற்றவில்லை. நான் ரைட் வயரைச் சொருகச் சொல்லும் வரைக்கும் அந்தச் சேனலில் சிக்னல் இல்லை. அதனால்தான் அந்தக் கம்பி அதுவரை யாரையும் கடிக்கலை.

ஆனால் செத்தது ரைட் சேனல் ஆச்சே, லெஃப்ட் ஏன் நின்றது? இதை நாமக்கல்லில் செட்டைத் திறந்த மெக்கானிக் காட்டினார். இரண்டு சேனலுக்கும் பவர் சப்ளை ஒன்று, ஃபியூஸும் ஒன்று. ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தனும் சாப்பாடு இல்லாமல் நிற்கணும்.

"ஷார்ட் பண்ணணும்னு யார் சொன்னது?" என்று பையனைக் கேட்டார். "காலி சேனலை மூடி வைன்னு ஒரு கடையில சொன்னாங்கண்ணே" என்றான். அதுவும் பாதி உண்மை. மூட வேண்டியது இன்புட்டை. காலி இன்புட் ஏரியல் மாதிரி கொர்ர்ர் என்ற இரைச்சலை இழுக்கும். அதனால் இன்புட்டின் நடுப் பின்னையும் ஓட்டையும் இணைத்த ஒரு பிளக்கை அதில் சொருகுவது பழக்கம். அந்த வார்த்தை மாமாவின் வார்த்தையோடு கலந்து, அவுட்புட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு காலத்து அறிவு ஒரே கம்பியில் முறுக்கிக்கொண்டது.

அப்போ என்னதான் செய்யணும்? அன்று அவர் சொன்னதும், பிறகு நான் கற்றதும் சேர்த்துச் சொல்றேன். ட்ரான்சிஸ்டர் செட்டில் காலி சேனலின் திருகை முழுக்கக் கீழே இறக்குங்க. அந்த இன்புட்டில் எதையும் சொருகாதீங்க. அவுட்புட் டெர்மினலைத் திறந்தே விடுங்க, ஆனால் பிரிந்த வயர் நுனி எதுவும் தொங்கக் கூடாது. மேலே டேப் ஒட்டிடுங்க, மலைப் பனியில் ஈரக் கையோடு தொடுகிற இடம் அது. லெஃப்ட், ரைட் அவுட்புட்டுகளை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. பிரிட்ஜ் ஸ்விட்ச் இருக்கிற செட்டில் மட்டும், அதற்குரிய முறையில் இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். அப்போது 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓமாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. வால்வு செட் என்றால் மாமா சொன்னதே சட்டம், லோடு மாட்டுங்க.

அந்தக் காணாமல் போன வயலின்? அதற்கு வழி இன்புட் பக்கம். டெக்கின் இரண்டு வயரிலும் ஆளுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதற்குப் பிறகு ஒன்றாகச் சேர்த்து லெஃப்ட் இன்புட்டில் கொடுத்தால் முழுப் பாட்டும் வரும். இல்லையென்றால் மிக்ஸரில் மோனோவாக எடுக்கலாம். சில்லறைக் காசு வேலை.

அன்று ராத்திரி நாடகம் நின்றதா? இல்லை. நடிகர்கள் ஹார்மோனியத்தை முன்னால் இழுத்துப் போட்டு, தொண்டையாலேயே நடத்தினார்கள். மைக் வருவதற்கு முன் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் அப்படித்தான் கேட்க வைத்தார்கள். ஆனால் அது அதற்கென்றே பழகிய தொண்டை. இங்கே விடியும்போது வள்ளிக்குக் குரலே இல்லை. பின்வரிசைப் பாட்டிகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு ராத்திரி அது.

ரிப்பேர் செலவில் பாதியை நான் கொடுத்தேன். பெரியவர் வாங்க மறுத்தார், அப்புறம் வாங்கிக்கொண்டார். பையனைத் திட்டலை. "நான் வால்வுக்குச் சொன்னேன், அவன் எல்லாத்துக்கும்னு எடுத்துக்கிட்டான். எதுக்குன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அடுத்த ஆடிக்கும் போனேன். செட்டின் பின்னால் ரைட் டெர்மினல் மேல் கறுப்பு டேப். முன்னால் வெள்ளை பெயின்ட்டில் பையன் எழுதியிருந்தான்: "ரைட் – ஸ்டெப்னி". "லெஃப்ட் போச்சுன்னா வயரை இங்க மாத்திக்குவேண்ணே. மாசம் ஒருக்கா ஓட்டியும் பார்த்துடறேன்" என்றான். 70 வளைவுக்குக் கீழேதான் மெக்கானிக் இருக்கிற ஊரில், சும்மா கிடக்கிற சேனலுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியலை. அந்த வருஷம் வயலினும் கேட்டது.

உங்க ஊர் மைக் செட்காரர்களிடம் இப்படிப் பழைய சொல் ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்க. எந்த மிஷினுக்காகச் சொன்னது என்பதையும் கேட்டு எழுதுங்க.