இரண்டு பேர் போதும்

ஒரு குழு தொடங்க மண்டபமும் பணமும் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நடந்ததைப் படித்ததும் அந்த எண்ணம் மாறியது.

பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டல் மதுக்கூடம் அவரை இழுத்தது. அவரோ தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் இருக்க வந்தவர் ஆறு மணி நேரம் பேசினார். பில் தன் கதையைத்தான் சொன்னார். ஜூன் 10இல் பாப் கடைசியாகக் குடித்தார். அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்த நாள்.

எங்கள் வீடுகளில் 'வெளியில் சொல்லாதே' என்பார்கள். பெயரைச் சொல்லாமலே மனதைத் திறக்கலாம் என்று அந்தக் குழு காட்டியது. உங்கள் பாரத்தையே சுமக்கும் இன்னொருவரைத் தேடுங்கள்.