நல்லெண்ணமும் இனவேற்றுமையும்: வேடர் வரலாறு புகட்டும் பாடம்

இனவேற்றுமை என்றவுடன் பகைவரின் வாளும் கொடியோரின் சட்டமுமே நம் நினைவுக்கு வருவன. அவற்றை வரலாறு மறவாது எழுதி வைத்துள்ளது. ஆயின் அன்புடையோரின் எழுதுகோலாலும் ஒரு மக்கட் கூட்டம் சிறுமையுறக் கூடும் என்பது அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாதோர், ஆராயவும் காக்கவும் திருத்தவும் முற்பட்டு, தாம் அறியாமலே இனவேற்றுமையை வளர்த்த வரலாறுகள் பல உள. அவற்றுள் ஒன்று நம் மட்டக்களப்பு நாட்டிலும் அதனை அடுத்த காடுகளிலும் நிகழ்ந்தது. இலங்கை வேடரைப் பற்றிய அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

வேடர் இந்நாட்டின் தொல்குடியினர். கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து மீண்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், காட்டின் உட்புறத்தே ஒதுங்கி வாழ்ந்த வேடரையும், ஊராரோடு தொடர்புகொண்டு வாழ்ந்த வேடரையும் வேறுபிரித்துக் கூறியுள்ளார். ஆகவே முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அவர்தம் வாழ்க்கை ஒரே வார்ப்பில் அமைந்ததன்று. படுவான்கரைக்கு அப்பால் விந்தனைக் காடுகளில் வாழ்ந்தோர் சிங்களத்தோடு உறவுடைய மொழியைப் பேசினர். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி முதலிய இடங்களை அடுத்து வாழ்வோர் தமிழ் பேசுவர்; மீன் பிடித்தும், சேனை செய்தும், தேன் எடுத்தும் வாழ்ந்து வந்தனர்; குமார தெய்வத்தையும் வள்ளியம்மனையும் வழிபடுவர்.

நம் சமய வாழ்விலும் வேடர்க்கு உயர்ந்த இடம் உண்டு. கதிர்காமத்து வள்ளி வேடர் குலமகள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தோற்றக் கதையில் இறைவனை முதலிற் கண்டவன் ஒரு வேடனே. குருமண்வெளித் துறையில் வாவி கடந்து மண்டூர் முருகனை வழிபடச் செல்லும் தேற்றாத்தீவு முதலிய எழுவான்கரை ஊரார், அங்கு வாய்கட்டிச் செய்யும் பூசையை வேடர் வழிபாட்டோடு தொடர்புடையதென்றே கூறுவர். இங்ஙனம் கோயிலிற் போற்றப்படும் அதே மக்களின் பெயர், நம் ஊர்களில் வசைச்சொல்லாகவும் வழங்குவது சிந்தித்தற்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞரின் பார்வை வேடர்மீது விழுந்தது. ஹாட்ஸோண் என்னும் அரசாங்க அதிகாரி 1876இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வேடர் சிரிப்பதே இல்லை என்றார். பின்வந்த ஆய்வாளர் அது பொய்யெனக் கண்டு மறுத்தனர். ஆயினும் அச்சிலேறிய கூற்று நெடுங்காலம் உலவிற்று. சிரிக்கத் தெரியாத மாந்தர் என்பதிற் பகைமை இல்லை, வியப்பே உண்டு. அவ்வியப்பே அவர்களை மனிதர் வரிசையினின்றும் ஓரடி தள்ளி நிறுத்திவிட்டது.

1881இற் பேளின் நகரத்துப் பேராசிரியர் உறுடோல்ப் விர்சோ, இலங்கையிலிருந்து அனுப்பப்பெற்ற மண்டையோடுகளைக் கொண்டு வேடரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாசல் நகரத்துச் சராசின் குடும்பத்து உறவினர் இருவர் இங்கு நேரில் வந்து ஆராய்ந்து 1892ஆம் 1893ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில், வேடரை மானிட வளர்ச்சியின் மிகப் பழைய படியொன்றில் வைத்தனர். வேடரின் எலும்புகளும் கடல் கடந்து சென்றன. இறந்தோரின் உறவினர்க்கு அவை முன்னோரின் உடல்கள். அறிஞர்க்கோ ஆராய்ச்சிப் பொருள்கள்.

இவர்களுள் விர்சோவின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. அவர் ஏழைகளின் நலத்துக்காக உழைத்த மருத்துவர். பேளின் நகரிற் கழிவுநீர் வாய்க்கால் அமையப் பாடுபட்டவர். யூதப் பகைமையை அரசியலில் எதிர்த்து நின்றவர். சேர்மானியர் ஒரே தூய இனத்தவர் என்ற செருக்கினை உண்மை கொண்டு ஆராயக் கருதி, பாடசாலைப் பிள்ளைகளின் கண், மயிர், தோல் ஆகியவற்றின் நிறங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். ஏறத்தாழ அறுபத்தேழு இலட்சம் பிள்ளைகள் கணக்கிடப்பட்டனர். 1886இல் வெளிவந்த முடிவின்படி, சேர்மானியப் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினரே பொன்னிற மயிரும் நீலக் கண்ணும் ஒருங்கே உடையவர். யூதப் பிள்ளைகளிலும் ஏறத்தாழப் பத்திலொருவர் அவ்வாறே இருந்தனர். தூய இனம் என்பது கட்டுக்கதை என்று எண்கள் பறைசாற்றின.

ஆனால் அவ்வெண்களை ஈட்டிய முறையை நோக்குக. வகுப்பிலே யூதப் பிள்ளைகளைத் தனியே எண்ணும்படி ஆசிரியருக்குப் பணிக்கப்பட்டிருந்தது. ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள், தாம் இருவேறு பட்டியலுக்கு உரியவர் என்பதை அன்று கண்டனர். ஆராய்ச்சி முடிவு அறிஞரின் அலுமாரியில் அடங்கிற்று. வகுப்பறையிற் பிரித்தெண்ணிய செயலோ இலட்சக்கணக்கான இளம் உள்ளங்களிற் பதிந்தது. இவ்வுண்மையைப் பிற்கால வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். வேற்றுமை பொய்யென நிறுவ வந்த முயற்சியே வேற்றுமையைக் கற்பித்த பாடமாயிற்று.

இனி, வேடர் ஆராய்ச்சியிற் பெரும்புகழ் பெற்ற செலிக்மன் தம்பதியரை நோக்குவாம். 1911இல் அவர்கள் வெளியிட்ட நூல் வேடரின் பாடல்களையும் சடங்குகளையும் உறவுமுறைகளையும் பொறுமையோடு பதிவு செய்தது. அந்நூல் இன்றேல் அச்செய்திகளிற் பல அழிந்திருக்கும். அந்நன்றியை மறத்தல் தகாது. எனினும் கலப்புறாத வேடரைத் தேடுதலே அவர்தம் முதல் நோக்கமாய் இருந்தது. அத்தகையோர் மிகச் சில குடும்பத்தினரே எஞ்சினர் என முடிவு செய்தனர். ஊரோடு ஒன்றிய வேடரும், நம் கரையோரத்துத் தமிழ் பேசும் வேடரும் கலப்புற்றோராய் நூலின் பிற்பகுதியில் இடம் பெற்றனர்.

இவ்வளவுகோலின் விளைவு யாது? குகையில் வாழ்ந்து வில்லேந்தி நிற்பவனே வேடன் என்றாயிற்று. அவன் கலப்பை பிடித்தால், வலை வீசினால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பினால், வேடன் அல்லன் என்றாயிற்று. ஆங்கிலேயன் குதிரை வண்டியை விட்டு மோட்டார் வண்டியில் ஏறியதனால் ஆங்கிலேயன் அல்லன் என்று ஒருவரும் கூறியதில்லை. காலத்தோடு மாறும் உரிமை ஏனையோர்க்கெல்லாம் உண்டு. வேடர்க்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. மாறாதிருந்தால் அநாகரிகர், மாறினால் அழிந்தவர். இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் நிற்க ஓரடி நிலமும் இல்லை.

குடிசன மதிப்புகளும் இதனையே காட்டுவன. 1911இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடராகப் பதியப்பட்டனர். 1953இல் அத்தொகை ஆயிரத்துக்குங் குறைந்தது. இத்துணைப் பேரும் மடிந்தனர் அல்லர். பெரும்பாலோர் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் எழுதப்பட்டனர். இழிவாய்க் கருதப்படும் பெயரை எவர்தாம் விரும்பி ஏற்பர்? 'அழிந்துவரும் இனம்' என்று இரங்கி எழுதிய எழுத்துகளே, அவர்களை ஏட்டிலே அழிப்பதற்குத் துணை நின்றன.

இனப்பகுப்பு முறை எத்துணைத் தொலைவுக்குச் செல்லவல்லது என்பதற்கு ஆபிரிக்கா சான்று பகரும். இதே செலிக்மன் 1930இல் ஆபிரிக்க இனங்களைப் பற்றி எழுதிய நூலில், அக்கண்டத்தின் நாகரிகங்கள் வெளியிலிருந்து வந்த ஹமித்தியர் என்போரால் ஆனவை என்றார். அக்கொள்கை அவருக்கு முன்னரே பலரிடம் இருந்தது. அவர் அதற்கு அறிவுலகின் முத்திரையை இட்டார். உறுவண்டாவில் அக்கருத்தினை நம்பிய பெல்சிய ஆட்சியினர், 1930களில் மக்களை ஊற்று, தூற்சி எனப் பிரித்து அடையாள அட்டை வழங்கினர். 1994ஆம் ஆண்டுப் படுகொலையில் வாழ்வோர் யார், மாள்வோர் யார் என்பதை வழிமறித்தோர் அத்தகைய அட்டைகளைப் பார்த்தே முடிவு செய்தனர். அக்கொலைகளுக்கு அறிஞரின் ஏடு ஒன்றே காரணமெனல் மிகையாகும். ஆயினும் ஏட்டில் வரைந்த கோடு நிலத்தில் வேலியாதல் உண்டு என்பது தெளிவு.

இலங்கையிலும் நன்மை கருதிய அரசாங்கச் செயல்கள் வேடரை வருத்தின. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நிலமற்ற உழவர்க்கு வாழ்வளித்தது. வேடர் வேட்டையாடி வந்த காடுகளின் ஒரு பகுதியோ நீரில் அமிழ்ந்தது. 1983இல் மாதுறு ஓயாக் காடு வனவிலங்குகளைக் காக்கும் தேசிய வனமாக்கப்பட்டது. வழிவழியாய் அங்கு வாழ்ந்த வேடர் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். காட்டில் தேனெடுத்தலும் வேட்டையாடுதலும் குற்றமாயின. தம்பானையின் முதியவர் திசாகாமி, 1998இல் தாம் இறக்குமட்டும் அவ்விடம் விட்டு அகலவில்லை. விலங்கினைக் காக்க முனைந்தோர் வேடரைப் பகைத்தாரல்லர். அவரைக் கேட்க வேண்டும் என்று எண்ணினாரல்லர். தீங்கின் வேர் அங்கேயே உள்ளது.

இனி நம்மை நாமே நோக்குதல் வேண்டும். 'பாவம், ஒன்றும் அறியாத சனங்கள்' என்னும் இரக்கச் சொல்லில் அன்பு உண்டு. நாம் உயர்ந்தோர் என்னும் துணிபும் உண்டு. அவர்களைத் 'திருத்த' வேண்டும் என்போர், நம்மைப்போல் ஆதலே திருந்துதல் என்று முடிவு கட்டிய பின்னரே பேசத் தொடங்குகின்றனர். வில்லும் கோடரியும் ஏந்திய உருவத்தைக் காட்டி 'முன்னொரு காலத்தில் வேடர் வாழ்ந்தனர்' என்று கற்பிக்கும் ஆசிரியரின் முன்னே, கரையோரத்து வேடர் குலப்பிள்ளை ஒன்று வாய்திறவாது இருத்தல் கூடும். அப்பிள்ளை அன்று கற்கும் பாடம் யாது? தன் குலத்தார் இறந்துபட்டனர் என்பதா? அன்றித் தன் குலத்தை மறைத்தல் நன்று என்பதா?

சைவ மாணவர்க்குப் பெரியபுராணத்திற் கண்ணப்பர் வரலாறு நன்கு தெரியும். சிவகோசரியார் தீயவர் அல்லர். இறைவன்பால் வைத்த அன்பினாலேயே கோயிலிற் கிடந்த இறைச்சியைக் கண்டு உள்ளம் நொந்தார். தம் முறையே முறை என்று கொண்டமையால், மற்றோர் அன்பு அவர் கண்ணுக்குத் தோன்றவில்லை. மறைந்து நின்று வேடனின் செயலை முற்றும் காணுமாறு இறைவன் அவருக்குப் பணித்தான். கண்ட பின்னரே அவர் அறிந்தார். நூல் பல கற்ற அந்தணருக்கு வேண்டியிருந்தது, பொறுத்திருந்து காணுதல்.

நல்லெண்ணம் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அஃது இல்லாத உலகம் இன்னுங் கொடியது. ஆயின் நல்லெண்ணம் உடைமையே போதிய காவல் என்று நம்புதல் கூடாது. எவரைப் பற்றி எழுதுகின்றோமோ, எவருக்கு உதவ முற்படுகின்றோமோ, அவர் தம்மை எவ்வாறு அழைக்கின்றனர், யாது வேண்டுகின்றனர் என்று முதலிற் கேட்டல் வேண்டும். தூய்மை, கலப்பு என்னும் அளவுகோலை எறிந்துவிடுதல் வேண்டும். நம் மாணவருள் வரலாறு கற்போர், வாகரைக் கரையிலும் விந்தனைப் புறத்திலும் வாழும் முதியோரிடம் சென்று, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்வாராக. மண்டையோட்டை அளந்தோர் எழுதிய வரலாறு நம்மிடம் போதிய அளவு உண்டு; வாழ்ந்தோர் சொல்லும் வரலாறே இன்னும் எழுதப்பட வேண்டியது.