காதற்கவிதையும் வாழ்க்கைப் பருவங்களும்



வானூரைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவன் நான். எங்களுக்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், தென்கிழக்கே புதுவை. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் கருத்து. கடலும் உப்பும் சூழ்ந்த இந்நெய்தல் நிலத்துக்குப் பண்டைப் புலவர் வகுத்த காதலொழுக்கம் இரங்கல். அஃதாவது, பிரிந்தவனை எண்ணி வருந்துதல். வருந்துபவள் இளம்பெண்ணே; முதியவள் அல்லள்.

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்து, இதனைக் கற்பிக்கையில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, காதலைப் பாடிய புலவர்கள் என் தாத்தாவையும் பாட்டியையும் ஏன் பாடவில்லை?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. தேர்வுக்கு வாராத வினா என்று சொல்லி அவனை அமரச் செய்தேன். அவ்வாறு செய்தது பிழை. அவனுக்குத் தரவேண்டிய விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

காதலையும் வயதையும் இணைத்துப் பாடும் வழக்கம் நம் இலக்கியத்தில் உண்டு. உலா என்னும் சிற்றிலக்கியம் பெண்டிரைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவத்தினராய்ப் பகுக்கும். 12ஆம் நூற்றாண்டில் சோழர் மூவர்மீது ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலா இதற்குச் சான்று. ஆயின் இரண்டு குறைகளை நோக்குங்கள். பேரிளம்பெண்ணின் வயது நாற்பதோடு முடிகிறது; அதற்குமேல் கணக்கே இல்லை. மேலும், எழுவகைப் பெண்டிரும் வீதியிற் செல்லும் மன்னனைக் கண்டு ஏங்குகின்றனரேயன்றி, அவனோடு வாழ்ந்து முதிரவில்லை.

மேலைநாட்டார்க்குப் பதினான்கடிச் செய்யுள் ஒன்று உண்டு. அதனைச் ‘சானெட்’ என்பர். 1609இல் வெளிவந்த சேக்சுபியரின் 154 பாக்கள் இவ்வகையின. காலம் அழகைத் தின்பதையும், மட்டற்ற காமம் மனிதனை இழிவுறுத்துவதையும் அவர் அவற்றிற் பாடினார். அந்தப் பதினான்கடி வடிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் பரிதிமாற் கலைஞர். அவருடைய தனிப்பாசுரத் தொகை 1901இல் நூலாயிற்று. 33ஆம் வயதிலேயே, 1903இல், அவர் மறைந்தார்.

வடிவம் வந்தது, ஆயினும் முதுமைக் காதல் பாடுவாரின்றியே கிடந்தது. அக்குறையை நிறைத்தவர் எங்கள் அண்டை ஊராகிய புதுவையிற் பிறந்தவர், என்னைப்போல் ஆசிரியர், 1909இல் பணியேற்று 1946இல் ஓய்வு பெற்றவர். அவரே பாவேந்தர் பாரதிதாசன்.

அவருடைய ‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளை உடையது. முதற்பகுதி 1942இலும், இறுதி இரண்டும் 1950இலும் வெளிவந்தன. ஒருநாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல் என்னும் வரிசையைப் பாருங்கள்: ஒரு வாழ்வின் பருவங்களே நூலின் படிகளாயின. தங்கம், மணவழகர் என்னும் இணையர் இல்லறம் நடத்தி, மகனுக்கு மணம் முடித்து, பேரக்குழந்தையைக் கண்டு, இறுதியில் நரைத்த தலையினராய் நம்முன் அமர்கின்றனர். அப்போதும் அவர்களைக் காதலர் என்றே கவிஞர் அழைக்கிறார். உடலழகு போயிற்று, ஒருவர்க்கொருவர் துணையாய் இருத்தலே இன்பமாய் எஞ்சிற்று. விடியல்முதல் வேலைகள் அனைத்தும் தங்கத்தின் தோளிலேயே விழுவது தகுமோ என்று இக்காலத்து மாணவியர் வினவலாம். அதுவும் தக்க வினாவே, அதனை அடக்காதீர்கள்.

இப்பகுதிகளுக்கு இடையே, 1944இல், ‘இருண்ட வீடு’ என்னும் நகைச்சுவை நூலையும் அவர் எழுதினார். அவ்வீட்டிலும் கணவன், மனைவி, பிள்ளைகள் உண்டு. ஆயின் அங்கே சோம்பலும் அறியாமையும் தூய்மையின்மையும் பூசலும் குடியிருக்கின்றன. சிரித்துக்கொண்டே படிக்கிறோம், முடிவில் நேரும் கேடு கண்டு திடுக்கிடுகிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கவிஞர் கருத்து விளங்கும். காதலுக்குப் பகை காலம் என்றனர் மேலைக் கவிஞர். பாவேந்தரோ, காலம் பகையன்று, நாம் நீக்காது விட்ட குற்றங்களே பகை என்கிறார். உப்பளத்துப் பாத்தியில் வெயில் நீரைக் கொண்டு போகிறது. உப்பைக் கொண்டு போவதில்லை. பாத்தியைச் செம்மை செய்யாதவனுக்கோ உப்பிலும் சேறு கலக்கிறது.

சென்ற ஆண்டு என் மனைவி கண்புரை அறுவை செய்துகொண்டு ஓய்விலிருந்தாள். அந்நாள்களில் ‘முதியோர் காதல்’ பகுதியை அவளுக்கு வாய்விட்டுப் படித்தேன். கேட்டு முடித்தவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பணியில் ஒருநாளும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். “இனியாவது சொல்லுங்கள்” என்றாள்.

ஆதலின் சொன்னேன். அன்று எழுந்து கேட்ட மாணவன் இப்போது நடுவயதினனாய் இருப்பான். இவ்வுரை அவன் செவிக்கும் எட்டுமாயின் மகிழ்வேன். உங்கள் வீட்டுத் திண்ணையில் அருகருகே அமர்ந்திருக்கும் முதியோர் இருவரை இன்று மாலை சற்று உற்று நோக்குங்கள். அவர்கள் வாழ்வும் பாடத்தக்கதே.