வளைவில்தான் தெரியும் வண்டியின் குணம்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தன் புது குரூசர் பைக்கின் படத்தை அனுப்பியிருந்தார். "சார், உயரமான ஹேண்டில்பார், நல்ல சத்தமான சைலன்சர் ரெண்டும் மாட்டப் போறேன். வளைவுல வண்டி கொஞ்சம் ஆடுது, அதுக்கும் ஏதாவது போடலாமா?" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

குரூசர் என்றாலே ஹார்லி டேவிட்சன்தான் நினைவுக்கு வரும். 1903-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தது. அதன் பெரிய வண்டிகளில் 1957 வரை பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட்டுக்கு அடியில்தான் ஸ்பிரிங். அது ஓட்டுபவரின் இடுப்பைக் காப்பாற்றியது, சக்கரத்தை அல்ல. பள்ளத்தில் சக்கரம் எம்பும் கணத்தில் டயருக்குத் தரையில் பிடி இல்லை. நேர் சாலையில் சமாளித்துவிடலாம், வளைவில் ஆபத்து.

இந்தக் குறைக்கு மருந்து தேடியவர்களில் ஒருவர் வடக்கு அயர்லாந்தின் பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சிட்ரோயன் காரின் ஷாக் அப்சார்பர்களை எடுத்துத் தன் பைக்கின் பின்பக்கம் பொருத்திப் பார்த்தார். பிறகு மற்றவர்களின் வண்டிகளுக்கும் அதே மாற்றத்தைச் செய்து கொடுத்தார். கடைசியில் நார்ட்டன் நிறுவனமே அவரிடம் வந்தது. அவர் வடிவமைத்த சட்டத்தில் ஓடிய நார்ட்டன், 1950-இல் ஜெஃப் டியூக்கின் கையில் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றது. இறகு மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்று ஒரு வீரர் சொன்னதால், 'ஃபெதர்பெட்' என்ற பெயரே அந்தச் சட்டத்துக்கு நிலைத்துவிட்டது. ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் 1958-இல்தான் வந்தது.

அமெரிக்காவிலும் வண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் மட்கார்டை வெட்டி, வேண்டாததைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் நிறுத்துவதும் திருப்புவதும் எளிது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு அழகு முக்கியமாகிவிட்டது. 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தில் வரும் நீண்ட ஃபோர்க் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். ஃபோர்க்கை அப்படி முன்னால் சாய்த்து நீட்டினால் வண்டி நேராகப் போவதில் பிடிவாதமாக இருக்கும்; திருப்பத்தில் சோம்பும்; மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக விழப் பார்க்கும்.

2020-இல் காற்று மீண்டும் திசை மாறியது. கலிபோர்னியாவின் லகூனா செகா மைதானத்தில், பெட்டி கட்டிய கனத்த பயண வண்டிகளுக்கென்றே 'கிங் ஆஃப் தி பேகர்ஸ்' பந்தயம் நடந்தது. வளைவில் சாயும்போது அடிப்பாகம் தரையில் உரசாதபடி வண்டியை உயர்த்தினார்கள். நல்ல ஷாக் அப்சார்பர், நல்ல பிரேக், நல்ல டயர் போட்டார்கள். யானை போன்ற வண்டிகள் குதிரைபோல் திரும்பின.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 1979-இல் நானும் என் பைக்கில் உயரமான ஹேண்டில்பார் மாட்டினேன். பின்டயர் வழுக்கையாகிவிட்டது தெரியும். டயருக்கு வைத்திருந்த காசில்தான் அதை வாங்கினேன். ஒரு மழை நாள் மாலை, ஈர வளைவில் வண்டி சறுக்கியது. எனக்குச் சிராய்ப்பு, பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்றும் குளிர் நாளில் அந்தக் கையைத் தேய்த்துக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு வலி.

ஆகவே தம்பி, முதலில் டயரையும் காற்றழுத்தத்தையும் பார். அடுத்து ஹேண்டில் கோன்செட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டு. பின்னால் ஆள் ஏறினால் அதற்கேற்ப ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை இறுக்கி வை. பிறகும் ஆடினால், உன் எடைக்கு ஏற்ற நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கு, காசு வீணாகாது. எதை மாற்றும் முன்பும் சட்டத்தைக் கேட்டுக்கொள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

சைலன்சர் சத்தம் தெருவுக்குக் கேட்கும். டயரின் பிடி உன் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்