தலையிட மாட்டோம் என்ற வாக்கிலிருந்து: சென்னை மாகாணத்தில் பள்ளிக் கண்காணிப்பின் வரலாறு

1822 ஜூன் 25-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்கள் அனைவரிடமும் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் ஆளுகைக்குள் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியார், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் போட்ட படிவமும் அனுப்பினார். கூடவே ஓர் உறுதியும் தந்தார்: நாட்டுப் பள்ளிகளில் அரசு தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று. பள்ளிகளை அரசு எண்ணத் தொடங்கியதும், தலையிட மாட்டோம் என்று சொன்னதும் ஒரே கடிதத்தில்தான். அடுத்த இருநூறு ஆண்டுகளில் முதலாவது மட்டும் நிலைத்தது.

பதில்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் படித்தார். ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும் என்று அவர் கணித்தார். சென்னை நகரத்தில் மட்டும் 26,963 பேர் வீட்டில் படிப்பதாகப் பதிவாகியிருந்தது. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்ட பிறகு, ஆங்கிலேயர் வருமுன் நாடு முழுவதும் கல்வி செழித்திருந்தது என்பதற்கு இவற்றைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. எண்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 'இதர சாதிகள்' என்ற ஒரே கட்டத்துக்குள் யார் யார் இருந்தார்கள், யார் வாசலுக்கே வரவில்லை என்பதை அந்தப் படிவம் சொல்லாது. படிவம் கேட்டதைத்தான் ஆட்சியர் எழுதினார்.

கேளாததையும் எழுதிய ஆட்சியர் ஒருவர் உண்டு. பெல்லாரியின் ஏ. டி. கேம்பல் தம் மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தார். அதோடு நிற்காமல், முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, ஐரோப்பியத் துணி வந்து நெசவு நசித்ததால் பெற்றோரால் சம்பளம் கொடுக்க முடியவில்லை என்று வறுமையின் காரணத்தையும் எடுத்து வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கம்பெனி அதிகாரியே எழுதிய இந்த வாக்குமூலம் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காதது.

அன்றைய திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு மேல் அதிகாரி கிடையாது. மணலில் அரிச்சுவடி, பிறகு ஓலையில் ஆத்திசூடி, எண்சுவடி. பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக நின்று சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் சரியில்லை என்றால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள். அதுதான் தணிக்கை. ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாததும் கல்வியின் நலிவுக்கு ஒரு காரணம் என்று மன்றோ கண்டார். மாவட்டத் தலைநகரப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தார் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் என்று திட்டம் போட்டார். 1827-இல் காலராவில் அவர் இறந்தார். தாசில்தார் பள்ளிகளும் பத்தாண்டுக்கு மேல் தாங்கவில்லை.

அரசு பள்ளிகளை நடத்திப் பார்த்துத் தோற்ற பிறகுதான், பிறர் நடத்தும் பள்ளிகளைக் கண்காணிக்கும் வழி பிறந்தது. 1854 ஜூலை 19 தேதியிட்ட சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையை விரிந்த மனத்தின் வெளிப்பாடாகப் பாடநூல்கள் போற்றும். என் வாசிப்பில் அது முதலாவதாக ஒரு சிக்கன ஏற்பாடு. எல்லாப் பள்ளியையும் அரசு நடத்தப் பணம் போதாது. ஆகவே தனியாரும் மிஷனரிகளும் நடத்தட்டும், அரசு மானியம் தரும். அதற்கு நிபந்தனைகள்: நல்ல உலகியல் கல்வி தரவேண்டும், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம் இருக்கவேண்டும், சிறிதளவாவது சம்பளம் வாங்கவேண்டும், அரசின் ஆய்வுக்கு உட்படவேண்டும். கடைசி நிபந்தனை ஒன்றிலிருந்தே கல்வித் துறை முளைத்தது. 1855-இல் ஏ. ஜே. அர்பத்நாட் சென்னையின் முதல் பொதுக் கல்வி இயக்குநரானார். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளால் நுங்கம்பாக்கத்தில் இயக்குநர் அலுவலகம் இருக்கும் இடத்தை டி.பி.ஐ. வளாகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2022-இல் பேராசிரியர் க. அன்பழகன் பெயர் சூட்டப்பட்ட பிறகும், போராட்டத்துக்குக் கிளம்பும் ஆசிரியர்கள் "டி.பி.ஐ.க்குப் போகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த திருப்பம் லண்டனிலிருந்து வந்தது. 1862-இல் ராபர்ட் லோ அங்கே கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் வந்து தேர்வு வைத்து ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கழியும். கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். தம் வேலையே அதுவாயிருந்தும், பிள்ளைகளைப் பொறியாக்கும் ஏற்பாடு என்று எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அதே முறை 1860-களில் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1868 விதிகளில் விரிவான வடிவம் பெற்றது. மேல்நிலையில் இருந்த பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கு. கீழ்நிலைப் பள்ளிகளுக்கும் திண்ணைப் பள்ளிகளுக்கும் தேர்ச்சிக்கேற்ற மானியம்.

ஊர்ப்புற வாத்தியாரின் நிலையிலிருந்து இதைப் பார்க்கவேண்டும். இன்ஸ்பெக்டர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். பதிவேட்டில் பெயர் உள்ள, உரிய மாதங்கள் வருகை தந்த பையன் அன்று வந்தாகவேண்டும். காய்ச்சலில் படுத்தால் அவன் தலைக்குரிய பணம் போயிற்று. குறித்த புத்தகத்தில் குறித்த பக்கங்களை அவன் வாசிக்கவேண்டும். பொருள் புரிந்தால் நல்லது, புரியாவிட்டாலும் நாக்குத் தட்டாமல் வாசித்தால் தேர்ச்சி. கெட்டிக்காரப் பையனுக்கு மேலும் சொல்லிக் கொடுப்பதால் ஓரணாவும் கூடாது. மிகவும் பின்தங்கியவனோடு மல்லுக்கட்டுவதும் நட்டம். நடுவில் நிற்பவனை நெட்டுருப் போடவைத்தால் மானியம் வரும். வாத்தியாருக்கு வேறு வருமானம் அரிது. அவர் அதைத்தான் செய்தார்.

இருந்தாலும் இந்த முறையை ஒரே வீச்சில் கண்டிப்பது நியாயமாகாது. எந்த அலுவலகத்துக்கும் தெரியாமல் கிடந்த ஆயிரக்கணக்கான திண்ணைப் பள்ளிகள் இதன் வழியாகவே அரசின் கணக்குக்குள் வந்தன. வாத்தியாரை மாற்றாமல், திண்ணையை இடிக்காமல், தேறிய பிள்ளைக்குப் பணம் என்ற எளிய ஒப்பந்தம் அது. 1882-இல் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழுவும் கல்லூரிகளுக்கு இது வேண்டாம் என்றதே தவிர, நாட்டுப் பள்ளிகளுக்குப் பொருந்தும் என்றது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். கர்சன் காலத்து 1904 கல்வித் தீர்மானம் கண்டித்த பிறகே தேர்ச்சி மானியம் மெல்ல ஓய்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை ஆசிரியர்கள், எது சோதிக்கப்படுமோ அதுவே பாடம் என்று கற்றுக்கொண்டுவிட்டனர்.

மேல்தட்டில் அந்த வேலையைப் பல்கலைக்கழகம் செய்தது. 1857 செப்டம்பர் 5-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் வகுப்பு நடத்தவில்லை, தேர்வு நடத்தியது. அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கடல் கடந்தும் அதன் தேர்வுக்கு மதிப்பு இருந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு கல்லூரிக்கு வாசலாகவும் அரசு வேலைக்கு அடையாளச் சீட்டாகவும் ஆனது. "மெட்ரிக் பெயில்" என்பதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அந்தத் தேர்வின் கெடுபிடிக்குச் சாட்சி.

1911-இல் வந்த எஸ்.எஸ்.எல்.சி. இதற்கு மாற்றாகவே எண்ணப்பட்டது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஒற்றைத் தாள் அல்ல, தைத்த புத்தகம். பெயர், தகப்பனார் பெயர், சாதி, பிறந்த தேதி, 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்பது போல் இரண்டு அங்க அடையாளங்கள், பள்ளியில் எடுத்த மதிப்பெண்கள், பிறகு பொதுத் தேர்வு மதிப்பெண்கள். ஒரு நாள் தேர்வை மட்டும் நம்பாமல் பள்ளியின் மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்ப்பதே அதன் கருத்து. தொடக்கத்தில் பாஸ், பெயில் என்றுகூடச் சொல்லவில்லை. கல்லூரிப் படிப்புக்குத் தகுதி உண்டா என்பதே கேள்வி. நல்ல யோசனைதான். நடப்பில் பள்ளி மதிப்பெண் ஒதுங்கி, பொதுத் தேர்வு நடுவே வந்து உட்கார்ந்தது. புத்தகத்தில் ஊரார் அதிகம் புரட்டிய பக்கம் பிறந்த தேதிப் பக்கம். உத்தியோகத்தில் சேரவும் ஓய்வு பெறவும் அதுவே ஆதாரம்.

இதுவரை பேசியது பள்ளிக்குள் வந்த பிள்ளையைப் பற்றி. யாரை உள்ளே விடுவது என்பதில் அரசின் கை நீள வெகுகாலம் பிடித்தது. அரசுப் பள்ளி எல்லாச் சாதிக்கும் பொது என்பது 1850-களின் கடைசியிலேயே கொள்கை. ஆனால் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்தால் அந்தக் கொள்கை தெருமுனையில் நின்றுவிடும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹியர் 1891-இல் பறையர் நிலை குறித்து எழுதிய நீண்ட குறிப்பு அரசை உலுக்கியது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை வந்தது. தனிப் பள்ளிகள் கூடின; பொதுப் பள்ளியின் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. தலைக்கணக்கில் பெயர் இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்த்தார். அந்தப் பிள்ளை எங்கே உட்கார்கிறது என்பதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

சேர்க்கையில் அரசு நேரடியாக இறங்கியது தொழிற்கல்லூரிகளில். வகுப்புவாரி உரிமை ஆணையின்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. சம்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் இதை எதிர்த்து வழக்காடினார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. 1951 ஏப்ரல் 9-இல் ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழகத்தில் கிளம்பிய எதிர்ப்பின் அழுத்தத்தில், அதே ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்தது. ஒரு மாகாணத்தின் கல்லூரிச் சேர்க்கை விதி நாட்டின் சட்டத்தையே மாற்றியது.

அதற்குப் பிந்திய வரலாறு பலர் அறிந்தது; வேகமாகக் கடக்கலாம். 1973 சட்டம் தனியார் பள்ளிகளின் அங்கீகாரத்தையும் ஆசிரியர் பணிப் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தியது. 1975-இல் அரசுத் தேர்வுகள் தனி இயக்ககம் ஆயின. 1978-இல் பிளஸ் ஒன் தொடங்கி, 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்தது. 1984-இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2006-இல் இயற்றிய சட்டத்தால் நீங்கியது. மருத்துவத்துக்கு மட்டும் 2017 முதல் நீட் மீண்டும் நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது.

இந்த ஓட்டத்தில் நின்று பார்க்கவேண்டிய இடங்கள் இரண்டு. நுழைவுத் தேர்வு போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே கல்லூரி இடத்தை முடிவு செய்தபோது, சில தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்தின. அரசு கண்ட மருந்து, 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு. நடத்தாத பாடத்தை நடத்தவைக்க அரசுக்குத் தெரிந்த வழி இன்னொரு தேர்வுதான். 1868-இன் வாத்தியார் செய்த கணக்கும் இந்தப் பள்ளிகள் செய்த கணக்கும் ஒன்றே. அந்தப் பொதுத் தேர்வையும் கைவிட 2025-இல் முடிவெடுத்தார்கள்.

மற்றொன்று கும்பகோணம். 2004 ஜூலை 16 காலை, காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் சத்துணவுச் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தனர். அங்கீகாரம், வருகைப் பதிவேடு, மானியம் ஆகியவற்றின் வழியே அரசுக்குத் தெரிந்த இடம்தான் அது. குறுகலான படிக்கட்டும் தீயை அண்டியிருந்த கூரையும் ஆய்வில் பொருட்டாகவில்லை. நீதிபதி சம்பத் விசாரணை ஆணையமும் அதற்குப் பிறகான ஆணைகளும் கட்டடத்தின் பக்கம் பார்வையைத் திருப்பின. ஆய்வாளர் கூரையை நிமிர்ந்து பார்ப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டும் 94 உயிர்களும் ஆனது என்பதைத் தவிர இதற்கு மென்மையாகச் சொல்ல வழியில்லை.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் மேலிருந்து எழுதிவந்திருக்கிறோம்: இயக்குநரின் ஆண்டறிக்கை, குழுக்களின் பரிந்துரை, அரசாணை. எழும்பூர் ஆவணக்காப்பகம் அவற்றுக்குப் போதும். உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியவை பழைய உதவிபெறும் பள்ளிகளின் அலமாரிகளில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடுகளும், ஆய்வாளர்கள் கைப்பட எழுதிய பார்வையாளர் புத்தகங்களுமே. எந்த ஆண்டில் முதல் தலித் பிள்ளை சேர்ந்தது, எந்த வகுப்பில் நின்றது, ஆய்வாளர் என்ன குறித்தார் என்பதற்கு வேறு சான்று கிடையாது. பள்ளி நிர்வாகிகள் அவற்றை எடைக்குப் போடுமுன் ஒரு நகலாவது எடுத்து வரலாற்று ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கவேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகங்கள் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.