நீல ரத்த வணிகம்: தேவை தீர்ந்த பிறகும் தொடரும் வழக்கம்

ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன், தடுப்பூசி, இன்சுலின், இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் என்று உடம்புக்குள் நேராகப் போகும் எந்தப் பொருளும் ஒரு சோதனையைத் தாண்டியே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. செத்துப்போன பாக்டீரியாவின் நச்சு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அந்தச் சோதனைக்குக் கைகொடுப்பது குதிரைலாட நண்டின் ரத்தம். பெயரில்தான் நண்டு, உண்மையில் அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இந்த உயிர்களைக் கடலிலிருந்து அள்ளி, ரத்தம் எடுத்து, திரும்ப விடும் தொழில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நடந்துவருகிறது. இந்தத் தொழில் ஒரு காலத்தில் மருத்துவத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. ஆனால் அந்த ரத்தத்தில் எந்தப் புரதம் வேலை செய்கிறது என்று தெரிந்து, அதைத் தனியாகச் செய்யவும் கற்றுக்கொண்டபோதே அந்தத் தேவையின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழிலை நடத்திக்கொண்டிருப்பது முக்கியமாகப் பழக்கம்தான் என்பதற்கு அதன் வரலாறே சான்று.

தொடக்கம் காலராவில் இருக்கிறது. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் பைஃபர், காலரா கிருமிகளைக் கொன்ற பிறகும் அவற்றின் உடலில் விஷம் தங்கியிருப்பதை 1892இல் கண்டார். எண்டோடாக்ஸின் என்று பெயர் பெற்ற அந்த விஷம், கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த மூலக்கூறு. கொதிக்கவைத்தாலும் அது எளிதில் அழியாது. நம் எதிர்ப்பு அணுக்கள் இதைப் படையெடுப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு காய்ச்சலையும் நடுக்கத்தையும் மூட்டுகின்றன. அளவு மிஞ்சினால் ரத்த அழுத்தம் சரிந்து, நாளங்களுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, உயிரும் போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நன்றாகக் காய்ச்சிச் சுத்தப்படுத்திய ஊசிமருந்தைப் போட்ட பிறகும் நோயாளிகள் குளிர்காய்ச்சலில் துவண்டதற்கு யாருக்கும் தெளிவான காரணம் தெரியவில்லை. 1920களில் ஃப்ளாரன்ஸ் சைபர்ட் விடை கண்டார். குற்றவாளி காய்ச்சி வடித்த நீர்தான். கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகள் பாக்டீரியாவின் மிச்சத்தையும் வடிநீருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. கிருமி செத்தாலும் நச்சு நீரில் நின்றது. அதன் பிறகு முயலின் காதுநாளத்தில் மருந்தைச் செலுத்தி, மூன்று மணி நேரம் உடல்சூடு ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை வழக்கத்துக்கு வந்தது. 1942இல் அமெரிக்க மருந்துத் தரநூல் அதை ஏற்றது.

முயலிலிருந்து கடலுக்கு வந்த பாதை, மருந்தாலையை மனத்தில் வைத்துப் போடப்பட்டதல்ல. மாசசூசெட்ஸ் கரையில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஃப்ரெடரிக் பேங் எழுப்பிய கேள்வி அடிப்படையானது: நம்மைப் போலன்றி, ஆன்டிபாடி தயாரிக்காத உயிர்கள் கிருமிகளை எப்படிச் சமாளிக்கின்றன? கடல் பாக்டீரியாவை அவர் குதிரைலாட நண்டுகளுக்குள் செலுத்தியபோது உடலுக்குள் ரத்தமே கெட்டியாகி அவை செத்தன. கொதிக்கவைத்துக் கொன்ற பாக்டீரியாவும் ரத்தத்தை அதேபோல உறையவைத்தது. 1956இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பில் ரத்தவியல் மருத்துவர் ஜாக் லெவினுக்கும் ஆர்வம் பிறந்தது. உறைவைத் தூண்டுவது எண்டோடாக்ஸின்தான் என்று இருவரும் 1964இல் காட்டினார்கள். பிறகு ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்து, உடைத்து, உள்ளிருப்பதைக் கரைசலாக்கினார்கள். சோதனைக்குழாயில் இந்தக் கரைசலில் ஒரு சொட்டும் சோதிக்க வேண்டிய மருந்தில் ஒரு சொட்டும் கலந்து, 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். நச்சு இருந்தால் திரவம் ஜெல்லியாக இறுகி அடியிலேயே நிற்கும், இல்லையென்றால் வழிந்துவிடும். ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கே இருக்கும் நச்சையும் அது பிடித்துவிடும்.

ஒரு பழமையான உயிரிக்கு இந்த நுட்பம் வாய்த்ததன் காரணம் அதன் வாழ்விடத்தில் இருக்கிறது. கடல்நீரில் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கின்றன. ஓட்டில் ஏற்படும் ஒவ்வொரு கீறலும் அவற்றுக்குத் திறந்த கதவு. நண்டின் ரத்த அணுக்களுக்குள் குருணைகளாக அடைந்துகிடக்கும் புரதங்கள், நச்சு பட்டதும் வெளியே கொட்டிக் காயத்தை அடைத்துவிடுகின்றன. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக அவிழ்த்தது ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சதாகி இவானகாவின் குழு. முதல் படியில் நிற்பது ஃபேக்டர் சி என்ற நொதிப்புரதம். எண்டோடாக்ஸின் தன்மேல் ஒட்டியதும் அது விழித்து, ஃபேக்டர் பி என்ற அடுத்த புரதத்தை வெட்டி எழுப்புகிறது. அது உறைநொதியின் முன்வடிவத்தை எழுப்புகிறது. கடைசியில் கோயாகுலோஜன் வெட்டப்பட்டு இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒன்று பலவாகப் பெருகுவதால், துளி நச்சுகூடக் கண்ணுக்குத் தெரியும் உறைவாக மாறுகிறது. என் வாதத்துக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்றே: நச்சை அடையாளம் காண்பது ஃபேக்டர் சி. மற்றவை அதன் சைகையைப் பெருக்குகின்றன. நீல நிறத்தைத் தரும் செம்புப் புரதமான ஹீமோசயனினுக்குக்கூட இந்தச் சோதனையில் வேலை இல்லை.

ஆனால் தொழில் புரதத்தை விட்டுவிட்டு ரத்தத்தையே பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 1970களில் வுட்ஸ் ஹோல் வட்டாரத்திலேயே வணிக உற்பத்தி தொடங்கியது. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உரிமம் தந்தது. 1987இல் முயலுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல் வந்தது. பிடித்த நண்டுகளைக் கழுவி, உடலின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் வளைத்துச் சட்டத்தில் கட்டி, அந்த இணைப்பின் மெல்லிய சவ்வு வழியாக ஊசியை ஏற்றுவார்கள். காற்றுப் பட்டதும் நீலமாகும் ரத்தம் கீழே பாட்டிலில் சொட்டும். உடலிலுள்ள ரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போகும். பிறகு கடலில் விட்டுவிடுவார்கள். அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் இதில் இறப்பு 15 சதவீதம் என்று கணக்கில் கொள்கிறது. சில ஆய்வுகள் 30 சதவீதம் வரை காட்டுகின்றன.

1990களின் நடுவில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரும் தங்கள் கரையோரச் சதுப்பில் வாழும் இனத்திலிருந்து ஃபேக்டர் சி-யின் மரபணுவை எடுத்து, வளர்ப்பு அணுக்களில் அந்தப் புரதத்தை உண்டாக்கினார்கள். 2003இல் அது கடைக்கு வந்தது. நச்சு இருந்தால் உறைவதற்குப் பதிலாக ஒளிரும்; அந்த ஒளியைக் கருவி அளக்கும். ஒரு துளி ரத்தமும் வேண்டாம். ஆனாலும் மருந்தாலைகள் நகரவில்லை. ஒரே நிறுவனம் விற்றதும் காப்புரிமையும் தொடக்கத்தில் தடையாக இருந்தது உண்மை. ஆனால் 2018இல் காப்புரிமை காலாவதியான பிறகும், தரநூலின் முறைக்கு இணையானது என்று தாங்களே தனியாக நிரூபிக்க வேண்டிய சுமை நிறுவனங்களைத் தயங்கவைத்தது. அதே ஆண்டு எலி லில்லி நிறுவனத்தின் ஒற்றைத்தலைவலி மருந்து இந்தச் சோதனையோடு அமெரிக்க அனுமதி பெற்றது. ஐரோப்பியத் தரநூல் 2021 ஜனவரியில் இதற்கு இடம் தந்தது. 2020இல் பின்வாங்கிய அமெரிக்கத் தரநூல் 2024இல் ஒப்புக்கொண்டு, 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தாமதத்தை நோயாளியின் பாதுகாப்பு என்று நியாயப்படுத்துபவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பல கோடி மருந்துக்குப்பிகளைக் காத்துவந்த முறையை மாற்றும்போது சந்தேகம் கொள்வது கடமை. ரத்தக் கரைசலில் புரதங்களின் முழு வரிசையும் இருக்கிறது, ஒற்றைப் புரதத்தில் அது இல்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. முயலின் உடம்பு, காய்ச்சலைத் தூண்டும் எந்தப் பொருளுக்கும் சூடேறும். நண்டு ரத்தத்தின் சோதனை எண்டோடாக்ஸினை மட்டுமே தேடுவது. அந்தக் குறுக்கத்தை ஆபத்து என்று யாரும் நிரந்தரமாகத் தள்ளவில்லை. ஊசிமருந்தில் பெரும்பாலும் வரக்கூடிய ஆபத்து எதுவென்று அறிந்து, அதைத் துல்லியமாகப் பிடிக்கும் முறையை ஏற்றார்கள். இப்போது ஃபேக்டர் சி தேடுவதும் அதே எண்டோடாக்ஸின். ரத்தக் கரைசலில் இருக்கும், புதிய சோதனையில் இல்லாத ஃபேக்டர் ஜி என்ற புரதம் பூஞ்சைச் சுவரின் சர்க்கரைக்கு விழித்துப் பொய்யான எச்சரிக்கை தரக்கூடியது. அது இல்லாதது குறையல்ல, தெளிவு. 1964இன் கண்டுபிடிப்புக்கும் 1987இன் முழு ஏற்புக்கும் இடையில் நண்டு ரத்தம் 23 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த அனுபவம் கையில் இருந்தும், அதன் வாரிசை அதைவிட நீண்ட காலம் காக்கவைத்தோம்.

இரண்டாவது ஆட்சேபம் நண்டின் நன்மையையே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து டெலவேர் விரிகுடாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேலான நண்டுகளை அரைத்து வயலுக்கு உரமாக்கினார்கள். 1990களின் இறுதியில் விலாங்கு மீனுக்கும் கடல் நத்தைக்கும் தூண்டிலிரையாக ஓராண்டில் 20 லட்சத்துக்கு மேல் அள்ளினார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் ரத்தத் தொழில் நண்டுக்கு விலைமதிப்பைக் கொடுத்தது, அதைக் காக்கச் சொல்லும் ஒரு தரப்பை உருவாக்கியது. இது உண்மையே. ஆனால் இரைக்குப் பிடிப்பதற்கு வரம்பு வந்த பிறகு, ரத்தத்துக்குப் பிடிப்பது ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டி வளர்ந்தது. நண்டின் முட்டைகளைத் தின்று ஆர்க்டிக்கை நோக்கிப் பறக்கும் ரெட் நாட் பறவையின் அட்லாண்டிக் இனம் 2014இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் ஏறியது. ஆசியாவின் மூன்றுமுள் குதிரைலாட நண்டு 2019இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது; சீனக் கரையில் ரத்தம் எடுத்த நண்டைக் கடலில் விடாமல் விற்கும் வழக்கமும் இருந்தது. ஒரு பெரிய அழிவைவிடச் சிறியது என்பது, தேவையில்லாத அழிவுக்குச் சமாதானம் ஆகாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டியதில்லை. தண்ணீருக்கும் பொதுவான மூலப்பொருள்களுக்கும் செய்யும் சோதனைகளை மட்டும் ஃபேக்டர் சி-க்கு மாற்றினாலே நண்டிலிருந்து வரும் கரைசலின் பயன்பாடு 90 சதவீதம் குறையும் என்று 2018இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக ஒப்புமை காட்டும் கடினமான வேலை பிறகு நடக்கலாம். தண்ணீர்ச் சோதனைக்கு அந்தச் சிக்கலே இல்லை. பேங்கும் லெவினும் நமக்குத் தந்த உண்மையான செல்வம், பாக்டீரியாவின் சுவரை ஒரு புரதம் எப்படி அறிந்துகொள்கிறது என்ற அறிவு. அதைப் பெற ரத்தம் தேவைப்பட்டது. பயன்படுத்த இனி தேவையில்லை. ஊசிமருந்து செய்யும் எந்த நாடும், எந்த ஆலையும் தன் தண்ணீர்ச் சோதனையிலிருந்து இந்த மாற்றத்தை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்கான அனுமதியும் பொருளும் கையில் இருக்கின்றன.